கூத்தை 40 நிமிடமாக வெட்டித் தரச் சொல்கிறார்கள், கையெழுத்து வைக்கலாமா?

கோயிலடி வாசிகசாலை எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு சின்ன ஊர், அங்குள்ள வாசிகசாலைக்கு நான்தான் செயலாளர், அதாவது கடிதம் எழுதுகிறவனும் முற்றம் கூட்டுகிறவனும் ஒருவனே. எங்கள் அம்மன் கோயிலடியில் வைகாசிப் பொங்கலோடு காத்தவராயன் கூத்துப் போடுவது வழமை, ஆரியமாலாவை விரும்பிக் கடைசியில் கழுமரம் ஏறுகிற காத்தவராயனின் கதை அது. இடம்பெயர்ந்த காலத்தில் விட்டுப்போய், பிறகு ஒரு வருடம் ஆடி ஒரு வருடம் விட்டு என்று இழுத்துக்கொண்டு வருகிறோம். ஆர்மோனியத்தின் துருத்தியில் ஓட்டை. முடி, உடுப்பு எல்லாம் கரப்பான் தின்றது போக மிச்சம்.

மாசியில் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு வந்தது. காசு ஒரு வெளிநாட்டினுடையது. புது உடுப்பு, புது ஆர்மோனியம், மூன்று மாதப் பழக்கத்துக்கு 22 பேருக்கும் நாட்கூலி என்றார்கள். எங்கள் பெடியளில் பாதிப் பேர் மேசன் வேலையை விட்டுவிட்டுப் பழக வருகிறவர்கள், அதனால் நாட்கூலி என்றதும் எல்லார் முகமும் மலர்ந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்பது: விடிய விடிய ஆடுகிற கூத்தை 40 நிமிடமாக்க வேண்டும், கொழும்பு மண்டபம் ஒன்றில் ஆட வேண்டும், வீடியோ எடுப்பார்கள், அந்த வீடியோவின் உரிமை உலகம் முழுவதும் காலம் முழுவதும் அவர்களுக்கு. 14 பக்கம், எல்லாம் ஆங்கிலம். ஏஎல் படிக்கிற என் மருமகளை வைத்து இரண்டு இரவு வாசித்தேன்.

கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாருக்கு 74 வயது. அவரிடம் சொன்னபோது கேட்ட முதல் கேள்வி, "கழுவேறுறது எத்தினையாவது நிமிசத்திலை வருது?" முற்பாதியில் காத்தவராயனாக ஆடுகிற முன்காத்தான் பாடி முடித்து, பிற்பாதிக்குப் பின்காத்தான் வந்து, விடிவெள்ளி காலிக்கிற நேரம் அவன் கழுமரத்தில் ஏறும்போதுதான் சனம் எழும்பி நிற்கும். நேர்த்தி வைத்த பெண்கள் கற்பூரத் தட்டோடு மரத்தடிக்கு வருவார்கள். அது பின்னேரம் நாலு மணிக்கு ஏசி மண்டபத்தில் நடந்தால் என்ன என்று எனக்கே விளங்கவில்லை. படிவத்தில் பயனாளிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதற்கு அவர் "அம்மனையும் சேர்த்து எழுது" என்றார். பகிடிதான், ஆனால் நான் இன்னும் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், அதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பண்பாட்டு உரிமை, பண்பாட்டு உரிமை என்று பத்துத் தரம் சொன்னார்கள். என் கேள்வி இதுதான். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை பனர் கட்டுவதற்கான சொல்லா? இருந்தால் அது யாருடையது? காசை வாங்கிக்கொண்டு சிலதுக்கு மாட்டோம் என்று சொல்ல எங்களுக்கு இடமிருக்கிறதா?


நல்லூர் வாசகி எழுதியது:

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். அந்த 14 பக்கமும் உங்களுக்கென்று எழுதியதல்ல, கிணறு வெட்டுகிற திட்டத்துக்கும் கோழி கொடுக்கிற திட்டத்துக்கும் அதே தாள்தான், பெயரை மட்டும் மாற்றுவார்கள். மாற்றுகிற தாள் என்றால் உங்களுக்காகவும் மாற்றலாம்.

உரிமை இருக்கிறது. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 27ஆம் உறுப்புரை, தன் சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் சுதந்திரமாகப் பங்குகொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு என்கிறது. 1966இல் வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 15ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது, இலங்கை 1980இல் அதில் சேர்ந்துவிட்டது. அதே 1966 நவம்பரில் யுனெஸ்கோ சர்வதேசப் பண்பாட்டு ஒத்துழைப்புப் பற்றித் தனியாக ஒரு பிரகடனம் செய்தது. ஒவ்வொரு பண்பாட்டுக்கும் மதிப்பு உண்டு, தன் பண்பாட்டை வளர்ப்பது ஒவ்வொரு மக்களின் உரிமையும் கடமையும் என்று தொடங்கும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள இன்னொன்று, ஒத்துழைப்பு இரு தரப்புக்கும் நன்மை தருவதாக, கொடுத்து வாங்குவதாக இருக்க வேண்டும் என்பது. உங்களிடம் வந்தவர்களின் பேச்சில் நீங்கள் வாங்குகிறவர் மட்டும்தான். காத்தவராயனைக் கொடுக்கிறவர் நீங்கள் என்பது பயனாளிகள் கட்டத்துக்குள் அடங்காது.

உள்நாட்டில், எங்கள் அரசியலமைப்பின் 14(1)(ஊ) என்று நினைக்கிறேன், ஆங்கிலத்தில் எஃப், தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ தன் பண்பாட்டை அனுபவிக்கவும் வளர்க்கவும் பிரசைக்குள்ள சுதந்திரம். ஆனால் அது அரசாங்கத்துக்கு எதிராகத் தூக்கிக் காட்டுகிற தடி, தனியார் அமைப்புக்கு எதிராக அதிகம் உதவாது. உங்களுக்கு உதவப்போவது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். நிகழ்த்துகிற கலைஞரின் அனுமதி இல்லாமல் அவர் ஆடுவதைப் பதிவு செய்யக்கூடாது என்று அதில் இருக்கிறது. 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கென்றே உள்ளது, வழக்கமான சூழலுக்கு வெளியேயோ வியாபாரத்துக்கோ அதை எடுக்கிறவர் அனுமதி பெற வேண்டும். ஒரு கோளாறு, அந்த அனுமதியைத் தருவது ஊர் அல்ல, அமைச்சர் குறிக்கிற அதிகாரி. காத்தவராயனை யார் எடுக்கலாம் என்று அண்ணாவியாரைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதனால்தான் ஒப்பந்தத்தில் எழுதுவது முக்கியமாகிறது.

ஏன் எப்போதும் இப்படி வளைத்துக் கேட்கிறார்கள் என்றால், உதவி கொடுக்கிற நாடுகளின் கணக்குப் புத்தகத்தில் கூத்துக்கென்று ஒரு வரி இல்லை. 2015இல் ஐநா வகுத்த 17 அபிவிருத்தி இலக்குகளில் பண்பாட்டுக்குத் தனி இலக்குக் கிடையாது, மரபுரிமையைக் காப்பது 11.4 என்ற உப இலக்காகச் செருகப்பட்டிருக்கிறது. அப்போது கூத்து வேலைவாய்ப்பாக வேண்டும், இல்லாவிட்டால் நல்லிணக்கமாக, சுற்றுலாவாக. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், அவர்களும் மேலே ஒருவருக்கு றிப்போர்ட் எழுத வேண்டும்.

ஒப்பந்தம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், அது முதல் வேலை. வீடியோ உரிமை "காலம் முழுவதும்" என்பதை வெட்டி, இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு, விற்க முடியாது, முழுப் பிரதி வாசிகசாலைக்கும் வேண்டும் என்று எழுதுங்கள். எதைச் சுருக்குவது என்பது அண்ணாவியாரின் முடிவு என்று ஒரே ஒரு வரி. கழுவேற்றத்தைக் காட்டாமல் வேறு பகுதியை ஆடுகிறோம் என்று நீங்களே சொல்லலாமே.


ஸ்காபரோவில் ஒருவன் எழுதியது:

கோவிக்க வேண்டாம், ஆனால் வெளிநாட்டுக் காசு என்றதும் எங்கள் ஆட்களுக்கு வருகிற சந்தேகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நீங்கள் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருக்கிற யாழ்ப்பாண நூலகம் எப்படி வந்தது? கட்டட வரைபு சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன், நூலக அமைப்புக்கு ஆலோசனை எஸ். ஆர். ரங்கநாதன், ஓடித் திரிந்தவர்களில் ஒருவர் அருட்தந்தை லோங், அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். 1981இல் அது எரிந்து 97,000 புத்தகம் போனது, எரித்தவர்கள் வெளிநாட்டார் இல்லை. மிஷன் காலத்துப் பழைய அச்சுப் பிரதிகளை இன்று திரையில் பார்க்க முடிகிறதென்றால் அதில் பிரிட்டிஷ் நூலகத்தின் காசும் இருக்கிறது. 2011இல் நோர்வேக்காரர் கைகொடுத்து யாழ்ப்பாணத்தில் இசை விழா நடந்தபோது நான் லீவில் வந்திருந்தேன், எங்கள் கூத்துக்காரரும் தெற்கிலிருந்து வந்த நாட்டார் கலைஞர்களும் ஒரே மைதானத்தில். அதை யார் தன் காசில் செய்திருப்பார்கள்?

40 நிமிடம் என்றால் என்ன, ஆடுங்கள். இங்கே நாங்களும் காத்தவராயன் போட்டோம். மண்டபம் இரவு 10 மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கற்பூரம் கொளுத்தக்கூடாது, புகை வந்தால் தீயணைப்பு வண்டி வரும். பற்றரியில் எரிகிற சின்ன விளக்கைத் தட்டில் வைத்தோம். என் அம்மா அதையும் கும்பிட்டா.

(சரி, வீடு வந்த பிறகு "விடிஞ்சதும் தெரியேல்லை, முடிஞ்சதும் தெரியேல்லை" என்று முணுமுணுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.)


சாவீட்டு மேளம் எழுதியது:

எல்லாரும் ஊர், ஊர் என்கிறீர்கள். யார் ஊர்?

என் அப்பா பறை அடித்தவர். சாவீடு, கோயில் வீதி, தேர்தல் காலத்தில் ஊர்வலம். நான் அடிப்பதில்லை, அண்ணனும் அடிப்பதில்லை, அது நாங்களாக எடுத்த முடிவு. போருக்குப் பிறகு ஒரு திட்டம் வந்து எங்கள் தெருவில் கூட்டம் வைத்து, அழிந்துவருகிற கலையைக் காப்போம், உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள் என்றார்கள். அம்மா எழும்பி, "உங்கடை பிள்ளையளுக்குப் பழக்குவியளோ?" என்று கேட்டா. கூட்டம் சீக்கிரம் முடிந்தது. தேநீர் மட்டும் நல்ல தேநீர்.

பிறகு ஒரு திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டி கொடுத்து, வெளிநாட்டு விருந்தினருக்கு முன்னால் அப்பாவை அடிக்க வைத்தார்கள். படம் வடிவாக வந்தது. அதே மாதம் கோயில் திருவிழாவில் அவர் நின்ற இடம் வழக்கமான இடம்தான். ஒடுக்கப்பட்ட சாதியாரையும் மாவிட்டபுரம் கோயிலுக்குள் விடச் சொல்லி 1968இல் போராட்டம் நடந்த மண் இது, அதையும் பண்பாடு என்று சொல்லித்தான் மறித்தார்கள்.

நல்லூர் அக்கா சொன்ன உடன்படிக்கைக்கு விளக்கமாக ஐநா குழு 2009இல் எழுதிய 21ஆம் பொதுக் கருத்துரையை நானும் ஒரு பயிற்சியில் படித்தேன். பங்குகொள்வதும் கொள்ளாமல் விடுவதும் அவரவர் தெரிவு என்று அதில் இருக்கிறது. கூத்துக்காரருக்கு ஆடுகிற உரிமை என்றால் எங்களுக்கு அடிக்காமல் விடுகிற உரிமை. விரும்பினால் அடிக்கிற உரிமையும், ஆனால் அப்போது கூலியும் கதிரையும் வேண்டும்.

செயலாளர் தம்பியிடம் நேராகக் கேட்கிறேன். அந்த 22 பேரில் பொங்கலுக்குப் பறை அடிக்கிறவர்கள் இருக்கிறார்களா?


டீஓ அண்ணை எழுதியது:

கட்டட வேலை பார்க்கிறவன், கூத்து அதிகம் தெரியாது, ஒரு விஷயம் மட்டும். பண்பாட்டு உரிமை என்றதும் எல்லாரும் மேடையைத்தான் பார்க்கிறீர்கள். 2015, 2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்று ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? வெளிநாட்டுக் கம்பனி, ஒரு வீடு 21 லட்சம் அளவில், கொண்டுவந்து பொருத்துவது. மாதிரி வீடு பார்க்கப் போன கிழவிகள் முதலில் தேடியது அடுப்படியை. விறகடுப்பு எங்கே, புகைக்கூடு எங்கே, சுவரில் சாமிப்படத்துக்கு ஆணி அடிக்கலாமா, மகளுக்குக் கலியாணமானால் பக்கத்தில் ஒரு அறை இறக்கலாமா. எங்கள் வெயிலுக்கு இரும்புப் பெட்டியா என்று கட்டடக் கலைஞர்களும் பொறியியலாளர்களும் எழுதினார்கள், அந்தத் திட்டம் நினைத்த மாதிரி நடக்கவில்லை. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, நீயே கட்டு என்றார்கள். காசு போதாமல் கடன்பட்டவர்கள் நிறையப் பேர், அதையும் மறைக்கக்கூடாது, ஆனால் அடுப்படி எந்தப் பக்கம் என்று அந்தக் குடும்பம் தீர்மானித்தது. வீடு பண்பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பது 1991இலேயே ஐநா குழு எழுதிய விஷயம்.

நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்த 11 மாடிப் பண்பாட்டு மையமும் அப்படித்தான். நல்ல கட்டடம், குறை இல்லை. 2025 தையில் பெயரை மாற்றி வள்ளுவர் பெயரை வைத்தபோது யாழ்ப்பாணம் என்ற சொல் காணாமற்போனது. வள்ளுவரோடு யாருக்கும் கோபம் இல்லை, ஒரு சொல் கேட்கவில்லையே என்றுதான். சத்தம் போட்ட பிறகு யாழ்ப்பாணத்தைத் திரும்பச் சேர்த்தார்கள்.


வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன், எங்கள் பக்கம் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. சுருக்குவதைப் பாவம் என்று நினைக்காதீர்கள் தம்பி. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை வைத்து விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார், கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. அதைப் பார்த்துத்தான் படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு கட்சி, அன்றைக்குத்தான் கூத்து, ஊரில் ஆடுகிற களரியை விட்டு வெளியேறியது என்று இன்னொரு கட்சி, இன்றைக்கும் சண்டை. நான் இரண்டாவது கட்சி, ஆனால் இராவணேசனைக் காசு கொடுத்து மூன்று தரம் பார்த்தவன்.

2002க்குப் பிறகு இங்கே சீலாமுனைக் கிராமத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்து ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தை விசாரித்துப் பாருங்கள். அங்கே மாற்றம் களரியிலேயே நடந்தது. பெண்பாத்திரத்தை எப்படிக் காட்டுகிறோம், சாதி சொல்கிற வரியை என்ன செய்வது என்று அண்ணாவியாரும் ஆடுகிறவர்களும் சண்டை பிடித்து மாற்றினார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது, நிதியாண்டு முடிவதற்குள் அப்படி ஒன்றைச் செய்ய முடியாது. சாவீட்டு மேளம் கேட்டதற்கு உங்கள் ஊரில் பதில் தேடுவதென்றால் அந்த வழி பிரயோசனப்படும்.

கொழும்புக்கு 40 நிமிடத் துண்டைக் கொண்டுபோங்கள், ஆனால் அதே காசில் கோயிலடியில் ஒரு முழு இரவும் ஆடுவதற்கு எழுதி வாங்குங்கள். ஆர்மோனியம் யாருடைய பெயரில் பதியப்படும் என்றும் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு திட்டம் முடிந்ததும் மத்தளத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள், சொத்துப் பதிவேட்டில் இலக்கம் ஒட்டியிருந்ததாம்.


கோயிலடி வாசிகசாலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, பதில் எழுத மூன்று கிழமை பிந்திவிட்டது.

முதலில் சாவீட்டு மேளம் அண்ணைக்கு. இல்லை. 22 பேரில் அவர்கள் இல்லை. பொங்கல் அன்று விடியப்புறம் கழுவேற்றத்துக்கு முன் அடிப்பது நான்கு பேர், அவர்களை நாங்கள் கூத்துக்காரர் என்று எண்ணியதே இல்லை, கோயில் கணக்கில் அரிசியும் காசும் கொடுத்து அனுப்புவோம். உங்கள் கேள்வியைக் கூட்டத்தில் வாசித்தேன். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள், அதில் ஒருவர் என் சித்தப்பா. அண்ணாவியார் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அடி இல்லாமல் அவன் எப்பிடி ஏறுவான்?" என்று மட்டும் கேட்டார். நானும் அவரும் போய்க் கேட்டோம். மூன்று பேர் சம்மதம், 26 வயதுப் பெடியன் ஒருவன் மாட்டேன் என்றான். சரி என்று வந்துவிட்டோம். பட்டியல் இப்போது 25.

நல்லூர் அக்கா சொன்னபடி தமிழில் ஒப்பந்தம் கேட்டோம், அவர்களே மொழிபெயர்த்து அனுப்பினார்கள். "காலம் முழுவதும்" என்று முதலில் நான் எழுதியதற்குத் தமிழில் "நித்தியமாக" என்று போட்டிருந்தார்கள், தேவாரம் மாதிரி இருந்தது. அது ஐந்து வருடமாகியிருக்கிறது. முழுப் பிரதி தருவார்களாம். ஆர்மோனியமும் உடுப்பும் வாசிகசாலைப் பெயரில், அதை எழுதி வாங்கியாயிற்று. கழுவேற்றம் கொழும்பில் இல்லை, ஆரியமாலாவைக் காண்கிற கட்டத்தை ஆடுகிறோம். கோயிலடியில் முழு இரவு ஆடுவதற்குக் காசு தருவது பற்றி மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள், இன்னும் பதில் இல்லை, அதுவரை கையெழுத்து வைக்கவில்லை. தாள் வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது.

பயனாளிகள் கட்டத்தில் 25 என்று எழுதினேன். அண்ணாவியார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பழக்கம் சனிக்கிழமை தொடங்குகிறது. பின்காத்தானுக்கு இருந்த பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான். பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் உச்சத்தில் குரல் நிற்கிற யாராவது இருந்தால் சொல்லுங்கள், மரம் ஏறவும் தெரிந்திருக்க வேண்டும்.